டேட்டா இல்லாத ரீசார்ஜ்: எங்கள் கண்மாய்ச் சங்கத்துக்குக் கட்டுப்படியாகிறதா?

பேச்சும் எஸ்.எம்.எஸ்ஸும் மட்டும் உள்ள ரீசார்ஜ் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர்களுக்குத் தாராளமாக வாங்கலாம். என்னைப் போலப் பலருக்கும் மெசேஜ் அனுப்ப வேண்டியவர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டுவிட்டு வாங்குவது நல்லது.

நான் மானாமதுரைப் பக்கம் ஒரு கண்மாயின் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்தில் செயலாளர். ஆயக்கட்டில், அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலப்பரப்பில், எண்பது குடும்பங்கள் இருக்கின்றன. மடை திறக்கும் நாள், முறை மாறும் நேரம், கரையில் கசிவு, சங்கக் கூட்டம் எல்லாம் மெசேஜில்தான் போகிறது. வாட்ஸ்அப் குழுவும் உண்டு, ஆனால் அதில் பாதிப் பேர்தான். மீதி நாற்பது பேரிடம் இருப்பது பட்டன் போன். அதிலும் ஒருவர் ஏர்டெல், ஒருவர் பி.எஸ்.என்.எல், இன்னொருவர் வி (வோடபோன் ஐடியா), அவருடைய தம்பி ஜியோ. மேல்மடையில் அடுத்தடுத்த வயக்காட்டுக்காரர்களே நான்கு கம்பெனியில் இருக்கிறார்கள். தண்ணீர் திறந்துவிடும் ஆளான நீர்ப்பாய்ச்சி மடையைத் திறக்கும்போது இவர்கள் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தகவல் போயாக வேண்டும். ஒருவருக்குத் தெரிந்து பக்கத்து வயல்காரருக்குத் தெரியவில்லை என்றால் அன்றைக்கே சண்டை.

அதனால் எனக்கு எஸ்.எம்.எஸ்ஸின் பெரிய குணம், எந்தக் கம்பெனியில் இருந்தும் எந்தக் கம்பெனிக்கும் போவதுதான். இது தானாக அமைந்த வசதி இல்லை. உலகின் முதல் எஸ்.எம்.எஸ் 1992 டிசம்பரில் பிரிட்டனில் அனுப்பப்பட்டது. அதே பிரிட்டனில் ஒரு கம்பெனி சிம்மில் இருந்து போட்டிக் கம்பெனி சிம்முக்கு மெசேஜ் போக 1999 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் அது 2002-க்குத் தள்ளிப்போனது. போட்டிக்காரர்கள் தங்களுக்குள் ஒத்துக்கொண்டால்தான் மெசேஜ் வேலி தாண்டும்.

தாண்டும் விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், விலையைப் பற்றிப் பேச அது தேவை. நான் அனுப்பும் மெசேஜ் நேராக அவர் போனுக்குப் போவதில்லை. முதலில் என் கம்பெனியின் மெசேஜ் மையத்துக்குப் போகிறது. அந்த மையத்தின் எண் சிம்மிலேயே பதிந்திருக்கும். பட்டன் போனில் மெசேஜ் செட்டிங்ஸுக்குள் போனால் பார்க்கலாம். பெறுபவரின் எண் இப்போது எந்தக் கம்பெனியிடம் இருக்கிறது என்று மையம் பார்க்கும். எண்ணை மாற்றாமல் கம்பெனி மாறும் வசதி 2011 ஜனவரி 20 அன்று நாடு முழுக்க வந்துவிட்டதால், முதல் நான்கு இலக்கத்தை வைத்து இது இன்ன கம்பெனி என்று இப்போது சொல்ல முடியாது. பிறகு அந்தக் கம்பெனியின் பதிவேட்டில் அவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு மெசேஜைக் கொண்டு சேர்க்கும். போன் அணைந்திருந்தால் மெசேஜை வைத்திருந்து மறுபடி மறுபடி முயலும். இந்தக் கடைசிக் குணம்தான் எங்களுக்கு உயிர். பலர் இரவில் போனை அணைத்துவிடுவார்கள், காலையில் போட்டதும் மெசேஜ் வந்து விழும். நெட் எதுவும் வேண்டாம், ஒரு கோடு சிக்னல் கிடைத்தாலே போதும்.

இப்படி இன்னொரு கம்பெனியின் டவர் வழியாகப் போவதற்கு வாடகை உண்டு. அதில்தான் நம் ஊர்க் கம்பெனிகளுக்குள் நீண்ட நாள் இழுபறி நடந்தது. ஒரு கம்பெனி தன் வாடிக்கையாளருக்கு மெசேஜை அள்ளிக் கொடுத்தால் அது முழுக்க இன்னொரு கம்பெனியின் வலையில் போய்க் குவியும். குவியும் இடத்துக்காரர் காசு கேட்பார். கேட்பதில் நியாயம் இருக்கிறது, ஆனால் எவ்வளவு கேட்கலாம் என்பதற்கு ஒரு வரம்பு இல்லாமல் இருந்தது. டிராய் என்கிற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2013-ல் அதை 2 பைசா என்று நிர்ணயித்தது. ஒரு மெசேஜுக்கு 2 பைசா, அவ்வளவுதான். என்னைக் கேட்டால் இந்த விஷயத்தில் டிராய் செய்த வேலைகளில் மிகச் சிறந்தது இதுதான். சிறிய கம்பெனியின் சிம்மில் இருந்து பெரிய கம்பெனிக்கு மெசேஜ் போவதைக் கூடுதல் விலை சொல்லி இனி யாரும் மடக்க முடியாது. அழைப்புகளுக்கான இதே மாதிரிக் கட்டணமும் 2017 அக்டோபரில் 14 பைசாவில் இருந்து 6 பைசாவாகக் குறைந்து, 2021 ஜனவரி 1 முதல் இல்லாமலே போனது.

இந்த 2 பைசாவை மனதில் வைத்துக்கொண்டு ரீசார்ஜைப் பாருங்கள்.

2024 டிசம்பரில் டிராய் ஒரு உத்தரவு போட்டது. டேட்டா வேண்டாதவர்களுக்குப் பேச்சும் எஸ்.எம்.எஸ்ஸும் மட்டும் கொண்ட ஒரு ரீசார்ஜையாவது ஒவ்வொரு கம்பெனியும் தர வேண்டும் என்றது. அதே உத்தரவில், இந்த வகை வவுச்சர்கள் 90 நாளைத் தாண்டக் கூடாது என்றிருந்த உச்சவரம்பு 365 நாளாக உயர்ந்தது. அடுத்த மாதமே, 2025 ஜனவரியில், பேக்குகள் வந்தன. அப்போதைய விலை இது: ஏர்டெல்லில் 84 நாளுக்கு 469 ரூபாய், 900 மெசேஜ். 365 நாளுக்கு 1,849 ரூபாய், 3,600 மெசேஜ். ஜியோவில் 84 நாளுக்கு 448 ரூபாய், 1,000 மெசேஜ். 336 நாளுக்கு 1,748 ரூபாய், 3,600 மெசேஜ். அழைப்புகளுக்கு எல்லாவற்றிலும் வரம்பில்லை.

நாள் கணக்கில் பிரித்தால் எல்லாமே 5 ரூபாய்க்குச் சற்று மேலே வந்து நிற்கிறது. நெட்டே இல்லாத போனுக்கு டேட்டாவோடு சேர்த்துக் காசு கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு இது நிம்மதிதான். எங்கள் கீழ்மடைப் பெரியவர் ஒருவர், “நெட்டு என்னத்துக்கு எனக்கு, மகன் பேசணும், நீங்க தண்ணி சொல்லணும், அவ்வளவுதானே” என்றார். அவருக்கு வருட பேக்கைப் போட்டுக் கொடுத்தேன். ஒவ்வொரு தடவையும் ரீசார்ஜ் கடைக்கு நடக்கும் அலைச்சலும் அவருக்கு மிச்சம்.

ஆனால் மெசேஜ் எண்ணிக்கை என்னை உறுத்துகிறது. டேட்டாவோடு வரும் சாதாரண பேக்கில் ஒரு நாளைக்கு 100 மெசேஜ் தருகிறார்கள். 84 நாளுக்கு அது 8,400. பேச்சுக்கும் மெசேஜுக்குமாகவே செய்த பேக்கில் அதே 84 நாளுக்கு 900, ஒரு நாளைக்கு 11 கூட வரவில்லை. வாட்ஸ்அப் இல்லாதவருக்கு மெசேஜ்தான் ஒரே எழுத்து வழி. அவருக்குக் குறைவாகவும், வாட்ஸ்அப் இருப்பவருக்கு நிறையவும் தருவது என்ன நியாயம்? ஒரு பேக் இருந்தாக வேண்டும் என்று டிராய் சொன்னதே தவிர, அதில் எத்தனை மெசேஜ் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. இன்னொரு கம்பெனிக்குக் கட்ட வேண்டியது 2 பைசா. 900 மெசேஜும் வெளிக் கம்பெனிக்கே போனாலும் அது 18 ரூபாய்.

பழைய கதையும் இதில் கலந்திருக்கிறது. தீபாவளி, பொங்கல், புத்தாண்டு நாட்களில் மெசேஜ் பேக் செல்லாமல் போய் முழுக் கட்டணம் பிடித்த காலம் பலருக்கும் நினைவிருக்கும். ‘பிளாக்அவுட் டே’ என்பார்கள். ஆண்டுக்கு 5 நாளுக்கு மேல் அப்படி வைக்கக் கூடாது என்று டிராய் கட்டுப்படுத்தியது. அப்புறம் அதே டிராய் 2011 செப்டம்பரில், விளம்பரத் தொல்லையைத் தடுப்பதற்காக, ஒரு சிம்முக்கு ஒரு நாளைக்கு 100 மெசேஜ்தான் என்று எல்லோரையும் கட்டிப்போட்டது. சில வாரங்களில் அதை 200 ஆக்கியது. தனிமனிதர்கள் தங்களுக்குள் அனுப்பும் மெசேஜுக்கு இந்த வரம்பு செல்லாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2012-ல் சொன்னது. அந்த ஆண்டு நவம்பரிலேயே வேறு வடிவம் வந்தது. நாளுக்கு 100-ஐத் தாண்டினால் ஒரு மெசேஜுக்குக் குறைந்தது 50 பைசா பிடிக்க வேண்டும் என்றார்கள். அது 2020 ஜூனில்தான் நீங்கியது. விதி போனாலும் 100 என்ற எண் பேக்குகளில் அப்படியே தங்கிவிட்டது. தொல்லை கொடுத்தவர்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள், அத்தனை வருடமும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தவர்கள் எங்களைப் போன்ற சங்கங்களும் கோயில் கமிட்டிகளும்தான்.

தமிழில் அனுப்புபவருக்கு இன்னொரு இழப்பு இருக்கிறது. ஆங்கில எழுத்தில் ஒரு மெசேஜுக்கு 160 இடம். தமிழில் 70 இடம்தான். அதுவும் நாம் கண்ணால் பார்க்கும் எழுத்துக் கணக்கு இல்லை. புள்ளி ஒரு இடம், கால் ஒரு இடம், கொம்பு ஒரு இடம். ‘தண்ணீர்’ என்பது நமக்கு நான்கு எழுத்து, போனுக்கு ஏழு. நான் வழக்கமாக அனுப்பும் ஒரு மெசேஜைப் பாருங்கள்:

“நாளை காலை 6 மணிக்கு பெரிய மடை திறக்கிறோம். மேல்மடைக்காரர்கள் வரவும்.”

இது 68 இடம். ஒரு மெசேஜ் கணக்கில் அடங்கிவிடும். முன்னால் ‘ஐயா’ என்று ஒரு வார்த்தை சேர்த்தால் 72 ஆகி இரண்டு மெசேஜாகக் கழியும். நாற்பது பேருக்கு அனுப்பினால் எண்பது போய்விடும். பெரியவர்களுக்கு மரியாதையாக ஒரு வார்த்தை சேர்க்க இடம் தேட வேண்டியிருப்பது எனக்கு மனவருத்தம். தமிழ் உட்பட நம் மொழிகளுக்குத் தனி எழுத்து அட்டவணை எஸ்.எம்.எஸ்ஸின் சர்வதேசத் தரத்திலேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் தமிழிலும் ஒரு மெசேஜில் 150 இடத்துக்கு மேல் கிடைக்கும். என் போன் அதைப் பயன்படுத்துவதில்லை. இந்தியாவில் விற்கும் போன்களில் இது இருந்தாக வேண்டும் என்று அரசும் டிராயும் சேர்ந்து சொன்னால் ஒரே நாளில் தமிழ் மெசேஜின் விலை பாதியாகும். இதற்காக யாரும் பெரிதாகக் குரல் எழுப்பிப் பார்த்ததில்லை, எழுப்ப வேண்டும். இன்னொரு விஷயம், சிலரிடம் இருக்கும் மிகப் பழைய போன்களில் தமிழ் வெறும் கட்டங்களாகத்தான் தெரிகிறது. அவர்களுக்கு நான் போன் போட்டுச் சொல்லிவிடுவேன்.

போய்ச் சேருவது எப்படி என்று கேட்டால், பெரும்பாலும் நன்றாகவே சேருகிறது. என் கம்பெனிக்குள் சில நொடி, வெளிக் கம்பெனிக்கும் பெரிய தாமதம் தெரிவதில்லை. ‘டெலிவரி ரிப்போர்ட்’ வசதியைப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், யாருக்குச் சேரவில்லை என்று பார்த்து அவருக்கு மட்டும் போன் போடலாம். கம்பெனி மாறியவர்களுக்கு மட்டும் முதல் ஒன்றிரண்டு நாள் சிக்கல் வந்திருக்கிறது. அவருக்கு அழைப்பு போகும், நம் மெசேஜ் மட்டும் வழி தெரியாமல் நிற்கும்.

எனக்கு வந்த பெரிய தொந்தரவு வேறு. போன கார்த்திகையில் இரவெல்லாம் மழை, உபரித் தண்ணீர் வழியும் கலுங்கு பாய ஆரம்பித்துவிட்டது. கீழ்மடைக்காரர்களுக்கு வரிசையாக மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தேன். பாதியில் என் சிம்மில் இருந்து மெசேஜ் போவது நின்றுவிட்டது. பேக்கில் மெசேஜ் மீதம் இருந்தது, அழைப்பும் போனது. வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிட்டால், ஒரே வாசகத்தைப் பலருக்கும் அனுப்பியதால் விளம்பர மெசேஜ் என்று சந்தேகித்து நிறுத்தியிருப்பதாகச் சொன்னார்கள். கம்பெனியின் பெயரை இங்கே சொல்லவில்லை, எந்தக் கம்பெனியிலும் இது நடக்கலாம். மழையில் நானும் நீர்ப்பாய்ச்சியும் ஆளுக்கொரு பக்கம் போன் போட்டுச் சொல்லி முடித்தோம். மறுநாள் சங்கத்தின் பதிவுச் சான்றையும் என் அடையாள அட்டையையும் கொண்டுபோய் எழுதிக் கொடுத்த பிறகு திறந்துவிட்டார்கள்.

தொல்லை மெசேஜைக் கண்டுபிடிக்கும் பொறுப்பைக் கம்பெனிகள் மேல் டிராய் போட்டிருப்பது சரிதான். மின்வாரியம் பேரைச் சொல்லி, ‘இன்று இரவு 9.30-க்கு உங்கள் மின்சாரம் துண்டிக்கப்படும், இந்த எண்ணைக் கூப்பிடவும்’ என்று வரும் மோசடி மெசேஜைப் பார்த்துப் பயந்தவர்கள் எங்கள் சங்கத்திலேயே இருக்கிறார்கள். ஆனால் விதி எங்களைப் போன்றவர்களுக்கு இடம் வைக்கவில்லை. மொத்தமாக அனுப்ப வேண்டும் என்றால் 2018 ஒழுங்குமுறைப்படி, மெசேஜ் அனுப்பும் நிறுவனங்களுக்கான டி.எல்.டி என்ற பதிவுத் தளத்தில் பதிவு செய்து, அனுப்புநர் பெயரும் மெசேஜ் வாசகமும் முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும். வங்கிக்கு அது சரி. மழை எப்போது பெய்யும், கரை எங்கே கசியும் என்று முன்கூட்டி வாசகம் எழுதி ஒப்புதல் வாங்க எங்களால் ஆகுமா? வங்கிகளே தடுமாறின. வரும் மெசேஜ் ஒப்புதல் பெற்ற வாசகத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் சோதனை 2021 மார்ச் 8 அன்று அமலுக்கு வந்ததும் நாடு முழுக்க ஓ.டி.பி மெசேஜ்கள் தடைபட்டன. மறுநாளே டிராய் அதை ஏழு நாளுக்கு நிறுத்தி வைத்தது. பதிவு பெற்ற சிறு சங்கங்களுக்கு, உறுப்பினர் பட்டியலை ஒரு தடவை கொடுத்துவிட்டு அந்த எண்களுக்கு மட்டும் தடையில்லாமல் அனுப்பும் ஒரு எளிய வழியை டிராய் திறக்க வேண்டும். மெசேஜ் நின்றால் எங்களுக்குக் கரைதான் உடையும்.

உறுப்பினர்களுக்கு நான் சொல்லிக் கொடுத்த இரண்டு விஷயங்களை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். முறையாகப் பதிவு செய்த நிறுவனத்தின் மெசேஜ் பத்து இலக்க எண்ணில் இருந்து வராது. அனுப்புநர் பெயரின் தொடக்கத்தில் இரண்டு ஆங்கில எழுத்து இருக்கும். முதல் எழுத்து எந்தக் கம்பெனி வழியாக வந்தது என்பதையும், அடுத்தது எந்தத் தொலைத்தொடர்பு வட்டம், அதாவது எந்த மாநிலப் பகுதி, என்பதையும் காட்டும். 2025-ல் வந்த திருத்தப்படி கடைசியிலும் ஒரு எழுத்து உண்டு. பி என்றால் விளம்பரம், எஸ் என்றால் சேவை, டி என்றால் பரிவர்த்தனை, ஜி என்றால் அரசு. தொல்லை மெசேஜ் வந்தால் 1909-க்குப் புகார் செய்யலாம், அதற்கான கால அவகாசம் 3 நாளில் இருந்து 7 நாளாகியிருக்கிறது.

இரண்டாவது, கம்பெனி மாறுவது. ‘போர்ட்’ என்று ஆங்கில எழுத்தில் அடித்து, ஒரு இடம் விட்டு உங்கள் எண்ணைப் போட்டு 1900-க்கு அனுப்பினால் எட்டு எழுத்துக் குறியீடு வரும். நம் பகுதியில் அது நான்கு நாள் செல்லும். அதைப் புதிய கம்பெனிக் கடையில் கொடுத்தால் அதே வட்டத்துக்குள் மூன்று வேலை நாளில் மாறிவிடும். விலை குறைந்த சில பேக்குகளில் வெளியே போகும் எஸ்.எம்.எஸ்ஸே இல்லாமல் வைத்திருந்தார்கள். கம்பெனியை விட்டுப் போக நினைப்பவரால் அந்த ஒரு மெசேஜைக்கூட அனுப்ப முடியவில்லை. எந்த பேக்கில் இருந்தாலும், எவ்வளவுக்கு ரீசார்ஜ் செய்திருந்தாலும் 1900-க்கு மெசேஜ் போக வேண்டும் என்று 2021 டிசம்பரில் டிராய் உத்தரவிட்டது. உங்களுக்கு அது போகவில்லை என்றால் இந்த உத்தரவைச் சொல்லிக் கேளுங்கள். சிம் தொலைந்து புதிதாக வாங்கியவர்கள் மட்டும் ஏழு நாள் பொறுக்க வேண்டும், 2024 ஜூலை முதல் அப்படி விதி இருக்கிறது.

கடைசியாக எந்த பேக் என்ற கேள்வி. எங்கள் கண்மாய்க்கு ஐப்பசி முதல் தை வரைதான் மெசேஜ் வேலை. வாரத்துக்கு இரண்டு தடவை நாற்பது பேருக்கு என்றால், 84 நாளில் 960 மெசேஜ் ஆகும். 900 பத்தாது, 1,000 ஒட்டி வரும், அதுவும் ஒவ்வொன்றையும் 70 இடத்துக்குள் எழுதினால். ஐப்பசி முதல் தேதி போட்டால் மார்கழிக் கடைசியில் நாள் முடிந்துவிடுகிறது. கடைசித் தண்ணீர் விடுவதோ பொங்கலை ஒட்டி, அதற்காக மறுபடி 84 நாளுக்குக் கட்ட வேண்டும். வருட பேக் எடுத்தால் மெசேஜ் தாராளம், ஆனால் வேலையே இல்லாத எட்டு மாதத்துக்கும் சேர்த்துச் சங்கக் காசு போகிறது. 90 நாள் வரம்பு எடுபட்டுவிட்டதால் 120 நாளுக்கு 1,500 மெசேஜோடு ஒரு பேக் தர இப்போது எந்தக் கம்பெனிக்கும் தடையில்லை. முதலில் எந்தக் கம்பெனி அதைக் கொண்டுவருகிறதோ, அங்கே சங்கத்தின் சிம்மை மாற்றிக்கொள்ளலாம் என்று கூட்டத்தில் தீர்மானம் போட்டிருக்கிறோம்.